நான்கு விரற்கடை

ஆடி பதினாறாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே ஜோதி வாசற்படியில் அமர்ந்து வலக்கைக் கட்டை அவிழ்த்தாள். முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாய் நீர்கோத்திருந்தது. ஓரங்களில் மட்டும் பழைய தோல் கறுத்துச் சுருங்கி, உதிர மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அரசு மருத்துவமனையில் கொடுத்த வெள்ளைக் களிம்பை இடக்கையால் எடுத்துத் தடவினாள். எரிந்தது. அந்த எரிச்சலை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பதினைந்து நாளாக அவளை உறங்கவிடாமல் செய்தது கைப்புண் அன்று. குருமூர்த்தியின் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு.

"செல்லுல பேசிக்கிட்டே பொரிச்சிருக்குது. கவனம் எங்கியோ போயிருச்சு. நம்ம என்ன பண்ணறது?"

திருச்செங்கோட்டுக்கு வெளியே, சங்ககிரி சாலையில், வைகாசி மாதம் குடிபுகுந்த புது வீட்டின் கூடத்தில் நின்று குருமூர்த்தி அப்படிச் சொன்னார். இரண்டு ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். வடமாநிலங்களுக்கு வண்டி அனுப்பி ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். அன்று ஆடி முதல் நாள். கல்யாணமாகிப் போன மகளுக்குத் தலை ஆடி. சம்பந்தி வீட்டார் உட்பட உறவினர் நாற்பது பேர் கூடத்தில் இருந்தார்கள். அந்த வீட்டில் சமையலுக்கு இருந்த ஜோதி சமையலறைத் தரையில் எண்ணெய் வழிந்த கையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது. ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது.

அன்று அவளுடைய கைபேசி இங்கே, அவளுடைய வீட்டில், சார்ஜில் கிடந்தது. அது அன்று கூடத்தில் நின்ற அவள் கணவன் மாதேஸ்வரனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் இப்போது உள்ளேயிருந்து வட்டலில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். கிரானைட் கல் அறுத்துப் பதிக்கிறவன். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகளாக இங்கேயே தொழில் செய்கிறான். கல்லில் ஒரு நூல் பிசகாமல் அறுக்கிற கைக்குக் களி கிண்டத் தெரியவில்லை.

"கட்டி தட்டிப்போச்சு. சித்த பாத்து முழுங்கு."

"களி மட்டுமா கட்டி தட்டிக் கெடக்குது?" என்றாள் ஜோதி.

அவன் தூணில் சாய்ந்தான். தெருவில் விசைத்தறிச் சத்தம் தொடங்கியிருந்தது. ஆடிக்காற்று மண்ணை வாரி வாசலில் இறைத்துவிட்டுப் போயிற்று.

"நேத்துப் பொழுதோட அமுதவல்லி அக்காகிட்டப் போயிருந்தேன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் சேத்தியாச்சாம்."

அமுதவல்லி கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறவள். ஜோதி பதினொரு ஆண்டுகளாக அவள் கூட்டத்தில் பலகாரக்காரி. எத்தனை கல் அடுப்புகள், எத்தனை வடச்சட்டிகள். ஒரு சொட்டு எண்ணெய் அவள்மேல் தெறித்ததில்லை என்று அமுதவல்லியே பிறரிடம் சொல்லியிருக்கிறாள்.

"கை ஆறட்டும்னு சொல்லியிருப்பாங்க," என்றான் மாதேஸ்வரன்.

"கையப் பத்திப் பேசுல. 'எண்ணச் சட்டிக்கு முன்னால நின்னுகிட்டுச் செல்லுப் பேசறவள எந்த மண்டபத்துல அம்மிணி நிறுத்தறது?'ன்னாங்க. நான் பேசுலீங்கன்னேன். 'அந்த ஊட்டுக்காரரே சொன்னாரே'ன்னாங்க. ஊட்டுக்காரரு."

"ஊரு நாலு நாளைக்குப் பேசும். அப்பறம் மறந்துரும்."

"எத மறந்தாலும் இத மறக்காது. பலகாரக்காரிக்குக் கவனமில்லைன்னு பேரு வந்துட்டா அப்பறம் அவ கரண்டி புடிக்கறதெங்க?" வட்டலை இடக்கையால் நகர்த்தி வைத்தாள். "இன்னொண்ணு கேளுங்க. அந்த ஊட்டுக்கு அங்கம்மாளச் சேத்திட்டாங்க. நாளைக்கழிச்சுப் பதினெட்டு. மோகனூரு ஆத்தங்கரைக்குக் கொண்டுபோறதுக்கு நாளைக்கே கச்சாயப் பலகாரம் சுடோணும். அந்தம்மாவுக்கு அறுவது வயசு. கண்ணும் செரியாத் தெரியாது. அதே அடுப்பு. அதே மூலை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்த விதம் ஜோதிக்குப் பிடிக்கவில்லை. துயரப்படுகிறவன் அப்படிக் குனிவதில்லை. எதையோ காலடியில் மிதித்து மறைக்கிறவன்தான் அப்படிக் குனிவான்.

"ஏனுங்க, அந்த மேடைக் கல்லு நீங்க போட்டதுதானுங்?"

"ஆமா."

"அடுப்புக்கு ஓட்டை வெட்டுனது?"

"நாந்தான்."

"கல்லுக்குள்ள பதிக்கற அடுப்பு நீங்க எத்தனையோ ஊட்டுல போட்டிருப்பீங்க. செவுத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல எத்தன எடம் உடோணும்?"

அவன் தெருவைப் பார்த்தபடியே சொன்னான்.

"அடுப்புப் பொட்டிக்குள்ளயே ஒரு தாளு வரும். அத விரிச்சுக் கல்லு மேல வெச்சுத்தான் மார்க் பண்ணோணும். பக்கத்துச் செவுரோ அலமாரியோ இருந்துச்சுன்னா ஆறு இஞ்சு தள்ளி. பொறவால ரெண்டு இஞ்சு. மேல பலகைக்கு ரெண்டரை அடி."

"அந்த ஊட்டுல?"

"மூணு இஞ்சு."

ஜோதி தன் இடக்கையை விரித்தாள். நான்கு விரல்களையும் சேர்த்துப் பார்த்தாள். மூன்று அங்குலம் என்பது அந்த நான்கு விரல்களின் அகலம்.

"தாளு ஆறுன்னு சொல்லுதுன்னு தெரியும். தெரிஞ்சே மூணுல வெட்டுனீங்களா?"

"மொதல்ல ஆறுதான் மார்க் பண்ணுனேன், சோதி. பென்சிலு கோடு கூடப் போட்டுட்டேன். அப்பறம் வாஸ்து பாக்கறவரு வந்தாரு. தீக்கும் தண்ணிக்கும் மூணடி இருக்கோணும், கொறஞ்சா ஊட்டுல சண்ட ஓயாதுன்னாரு. சிங்க்குக்கு ஏற்கெனவே ஓட்டை போட்டாச்சு. மேடை நீளம் அவ்வளவுதான். அலமாரியும் நின்னுருச்சு. எங்க நகத்தறது? அடுப்பத்தான் அலமாரிப் பக்கம் தள்ளோணும்."

"தாளக் காட்டுலியா?"

"காட்டுனேன். 'கம்பெனிக்காரனுக்கு நம்ம அக்கினி மூலை தெரியுமா'ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாரு. குருமூர்த்தி அண்ணனும் சிரிச்சாரு."

"நீங்க?"

அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நானுஞ் சிரிச்சேன்."

ஜோதி எழுந்தாள். நாற்பது வயதுக்கு அவள் மெலிந்த உடம்புக்காரி. ஆனால் கோபம் வந்தால் வாசல் நிறைந்தாற்போல் நிற்பாள். நின்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

"சிரிச்சுட்டு வெட்டுனீங்க. வெட்டிப்போட்டு, 'அந்த ஊட்டுல சமையலுக்கு ஆளு கேக்கறாங்க, போ'ன்னு என்னையக் கொண்டுபோயி அதே எடத்துல நிறுத்துனீங்க. கை வெந்துருச்சு. செல்லுப் பேசுனான்னு சொன்னாங்க. அப்பவும் வாயத் தொறக்காமப் பொட்டாட்டம் நின்னீங்க."

"அந்த மனுசன் ஒரு வார்த்த சொன்னாத்தான் நாலு ஊட்டு வேல வருது, சோதி."

"வரட்டும். எல்லா ஊட்டுலயும் மூணு இஞ்சுல வெட்டுங்க. ஊருல இருக்கற பொம்பளைங்க கையெல்லாம் வேகட்டும்." ஆணியில் தொங்கிய அவனுடைய அளவு டேப்பை எடுத்து இடுப்பில் செருகினாள். "வண்டிய எடுங்க."

"எங்க?"

"அங்கம்மா எண்ணய வெக்கறதுக்கு முன்னால போகோணும்."

குருமூர்த்தியின் வீட்டுக்கு முன்னால் ஒரு ரிக் வண்டி பழுதுக்கு நின்றிருந்தது. காற்றுக்கு அதன் தார்ப்பாய் படபடத்தது. பின்வாசலில் அங்கம்மாள் உட்கார்ந்து, ஊறவைத்த பச்சரிசியை வெள்ளைத் துணியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெல்லம் தட்டி வைத்திருந்தது. ஜோதியைக் கண்டதும் அவளுக்கு முகம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

"வா சாமி. கை தேவலையா? கூப்புட்டாங்க, வந்தேன். உன்ற எடத்தப் புடுங்கோணும்னு வருல சாமி."

"தெரியுமுங்க. நீங்க உள்ள வாங்க. ஒண்ணு பாக்கோணும்."

சமையலறை பதினைந்து நாளைக்கு முன்பு இருந்தபடியே பளபளத்தது. கிழக்குச் சுவரையொட்டிக் கறுப்புக் கல் மேடை, ஒரே கல்லில். இடக்கோடியில் பாத்திரம் கழுவும் தொட்டி. அதற்கப்புறம் மூன்றடி வெறுங்கல். வலக்கோடியில், தென்கிழக்கு மூலையில், கல்லுக்குள் பதித்த கண்ணாடி அடுப்பு. அடுப்பை அடுத்துத் தரையிலிருந்து கூரை வரை எழும்பிய பிளாஸ்டிக் பலகை அலமாரி. அன்று உருகிக் கருகிய பக்கப் பலகையை மூன்றாம் நாளே மாற்றிவிட்டார்கள். புதுப் பலகையில் ஒரு கறை இல்லை. நடந்ததற்குச் சாட்சி சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

ஒன்றை மட்டும் ஜோதி கவனித்தாள். இடப்பக்கத்துப் பர்னரில் பால் பொங்கிக் காய்ந்த தடம் இருந்தது. வலப்பக்கத்துப் பர்னர், தீக்குப் பிறகு தேய்த்து வைத்தபடி, கடையில் வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது. இந்தப் பதினைந்து நாளும் சமைத்தவர் அந்தப் பக்கம் கை வைக்கவே இல்லை.

எரிவாயு ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் தமிழரசு, மேடைக்குக் கீழே தலையை நுழைத்துப் பழைய குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். தீப்பிடித்த வீடாகையால் பார்த்துவிட்டுச் சான்று எழுத வந்திருந்தான். குருமூர்த்தி நின்று மேற்பார்வை செய்தார். அவர் மனைவி ரஞ்சிதா வெல்லப் பாகுக்கான போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜோதியைப் பார்த்ததும் கழுவுவதை நிறுத்தினாள்.

"என்ன சோதி, கை ஆறிருச்சா?" என்றார் குருமூர்த்தி. "ஏ மாதேசு, நீ என்ன கூடவே? ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாமில்ல. நோம்பி வேல கெடக்குது."

"வேல நடக்கறதுக்குள்ளதானுங்ண்ணா வரோணும்," என்றாள் ஜோதி. மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "ஏனுங் தம்பி, என்ன எழுதியிருக்கீங்க?"

தமிழரசு வெளியே வந்து காகிதத்தைப் பார்த்தான். "குழாய் மாத்துனது, லீக் இல்ல, எல்லாம் சரி. உபயோகிக்கறவங்க கவனக்குறைவுன்னு அண்ணன் சொன்னாருங்க. அத எழுதிருக்கேன்."

"அளந்தீங்களா?"

"எதைங்க?"

ஜோதி இடுப்பிலிருந்த டேப்பை உருவி மேடையில் வைத்தாள். "அடுப்புக்கும் அந்தப் பலகைக்கும் நடுவுல. ஆறு இஞ்சு வேணுமாம். எனக்குத் தெரியாது, என்ற ஊட்டுக்காரருதான் சொன்னாரு."

குருமூர்த்தியின் பார்வை மாதேஸ்வரன்மேல் போயிற்று. மாதேஸ்வரன் சுவரைப் பார்த்தான்.

தமிழரசு டேப்பை இழுத்து வைத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "மூணுதாங்க இருக்குது," என்றான். சொன்ன பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"மூணு இருந்தா என்ன? நெருப்பு மேல போகுமா, பக்கவாட்டுல போகுமா?" என்றார் குருமூர்த்தி. "ஏழு ஸ்டேட்டுல போர் போட்டவன் நான். எனக்கு வந்து இஞ்சுக் கணக்கு."

"அதத்தானுங்ண்ணா நானுங் கேக்கறேன். போர் போடறப்ப ரிக்கு வண்டியச் செவுத்தோட செவுரா ஒட்டி நிறுத்துவீங்களா? 'கேசிங் பைப்பு இறக்கறதுக்கு எடம் வேணும், கரண்டு லைனுக்குத் தள்ளி நிறுத்து'ன்னு டிரைவரச் சத்தம் போட மாட்டீங்களா? இரும்புக்கு எடம் வேணும். பொம்பளைக்கு நாலு வெரலு போதுமா?"

அங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அஞ்சினாளா என்று தெரியவில்லை.

"பேச்சு நல்லாக் கத்துக்கிட்ட. அன்னைக்குப் பேசுன பேச்சுலதான் சட்டி கவுந்துச்சு."

"அன்னைக்கு எப்பிடிக் கவுந்துச்சுன்னு காட்டறேனுங். அக்கா, அந்த வடச்சட்டிய எறக்குங்க."

ரஞ்சிதா அசையவில்லை. மாதேஸ்வரன்தான் அட்டாலியிலிருந்து பெரிய வடச்சட்டியை இறக்கினான். ஒன்றரை அடி அகலம். இரு பக்கமும் வளைந்த இரும்புக் காதுகள். ஜோதி இடக்கையால் காட்ட, அவன் அதை வலப்பக்கத்துப் பர்னரின்மேல் வைத்தான். சட்டி நடுவில் உட்கார மறுத்தது. வலக்காது பலகையில் இடித்தது. அழுத்தியபோது அந்தக் காது பலகையின் விளிம்பில் ஓடிய பட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"தண்ணி ஊத்துங்க."

ஊற்றினான். நீர் இடப்பக்க விளிம்பை எட்டியது. வலப்பக்கத்தில் ஐந்து விரல் இரும்பு வெறுமையாகத் தெரிந்தது. எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சட்டி சாய்ந்திருந்தது, அதைத் தாங்கி நின்றது பிளாஸ்டிக் பட்டி.

"தம்பி, இப்ப இது எண்ணைன்னு வெச்சுக்குங்க. கீழ தீ எரியுது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். காது காயுது. அந்தப் பட்டி என்னாகும்?"

"எளகிருமுங்க," என்றான் தமிழரசு மெல்ல.

"எளகிருச்சுன்னா?"

ஜோதி ஒரே விரலால் வலக்காதைப் பட்டியிலிருந்து தட்டிவிட்டாள். சட்டி வலப்பக்கம் உருண்டு சாய்ந்தது. நீர் முழுவதும் ஒரே வீச்சில் பலகையில் மோதி, மேடையில் வழிந்து, அன்று அவள் கை இருந்த இடத்தைத் தாண்டித் தரையில் கொட்டியது. தமிழரசுவின் காகிதம் நனைந்தது. குருமூர்த்தி இரண்டடி பின்வாங்கினார்.

"செல்லு எங்கீங்ண்ணா இதுல?" என்றாள் ஜோதி.

அங்கம்மாள் தரையில் ஓடிய நீரையும் தன் பாதங்களையும் பார்த்தாள். நிதானமாகப் பின்வாசலுக்குப் போனாள். உலர்த்திய அரிசியை நாலு மூலையும் சேர்த்துத் துணியோடு கட்டிக்கொண்டு வந்து மேடையில் வைத்தாள்.

"இத வேற ஆரையாவது வெச்சு இடிச்சுக்குங்க சாமி. நானு வாரேன்."

"ஏனுங் அங்கம்மா, நாளைக்கழிச்சு நோம்பி," என்றாள் ரஞ்சிதா.

"நோம்பி வருசா வருசம் வரும் சாமி." அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

குருமூர்த்தியின் முகம் சிவந்தது. வழி கிடைக்காத கோபம் எளிய இடத்தைத் தேடியது. "இத்தாப் பெரிய சட்டிய ஆரு இதுமேல வெக்கச் சொன்னாங்க? தம்பி, நீ சொல்லு, கண்ணாடி அடுப்புல இத வெக்கலாமா?"

"வெக்கக் கூடாதுங்க," என்றான் தமிழரசு. "சின்னப் பாத்திரந்தான்."

"பாத்தியா?"

"அட்டாலில இருந்து எறக்கிக் கொடுத்தது அக்கா. நாப்பது பேருக்குச் சுடுன்னது நீங்க. கொல்லையில கல்லு வெச்சு வெறகுல சுடறேன்னு சொன்னேன். 'சம்பந்தி வாராங்க, புது ஊட்டுல பொக கூடாது'ன்னீங்க. ஆறு இஞ்சு இருந்திருந்தா இந்தக் காது பலகையத் தொட்டே இருக்காது. வெச்சுப் பாருங்க."

"மாதேசு," என்றார் குருமூர்த்தி. "வெட்டுனது நீ. உன்ற வேல தப்புன்னு உன்ற பொண்டாட்டியே சொல்றா. என்னடா சொல்ற?"

மாதேஸ்வரன் அவர் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு ஆண்டுகளில் அந்த மனிதர் முன்னால் அவன் 'சரிங்ண்ணா' என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.

"தப்புத்தானுங். ஆறுன்னு தாள்ல இருந்துச்சு. உங்க கையில காட்டுனேன். நீங்க சிரிச்சீங்க. நானுஞ் சிரிச்சுட்டு வெட்டுனேன். அவ செல்லு அன்னைக்கு எங்கூட்டுல சார்ஜுல கெடந்துச்சு. அதையும் அன்னைக்கே சொல்லியிருக்கோணும். சொல்லுல."

ஜோதி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்து நாள் தாமதமாக வந்த சொல்லுக்கு அவள் முகம் இளகத் தயாராக இல்லை.

தமிழரசு நனைந்த காகிதத்தைக் கிழித்து மடித்துப் பைக்குள் போட்டான். புதுக் காகிதம் எடுத்தான். மறுபடி குனிந்து மேடைக்குக் கீழே பார்த்தான். "குழாயி அடுப்போட அடிப்பாகத்த ஒட்டிப் போகுது, அதும் தப்புங்க. சிலிண்டரு வெச்ச அலமாரில கீழ ஒரு ஓட்டை கூட இல்ல. கேஸு கசிஞ்சா கீழதான் தங்கும். மொதல்லயே நான் பாத்திருக்கோணும்." எழுந்து, ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றி, சிலிண்டரின் வாயில் மூடியைப் போட்டு இறுக்கினான். "அளவு சரி பண்ணுனதுக்கு அப்பறம் ஏஜென்சிக்குச் சொல்லுங்க. வந்து மாட்டித் தாரேன்."

"யோவ், பதினெட்டுக்கு நாளைக்குப் பலகாரஞ் சுடோணும்."

"கையெழுத்துப் போடறது நானுங்க. மறுபடி எரிஞ்சா என்னையத்தான் கேப்பாங்க."

"ஆடில கல்லுல கை வெக்கக் கூடாது. குடி வந்து ஒரு வருசங்கூட ஆகுல. தை பொறக்கட்டும், பாக்கலாம்." குருமூர்த்தி கைபேசியை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தார். வாஸ்து பார்ப்பவரை அழைக்கிறார் என்பது அவர் குரலின் பணிவிலிருந்தே தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "ஆமாங்க... மூணடில கொஞ்சம் கொறையுமுங்க... அப்பிடிங்களா... சரிங்க, சரிங்க."

திரும்பி வந்தபோது அவர் குரல் சற்றே தணிந்திருந்தது. "கொறஞ்சாலும் பரவால்லியாம். தீக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு செப்புத் தகடு பதிச்சுட்டாத் தோசம் போயிருமாம்."

"செப்புத் தகடு," என்றாள் ஜோதி. "உள்ளங்கை அகலத் தகடு. வைகாசிலயே சொல்லியிருக்கலாமே அந்தாளு. நீங்களும் கேட்டிருக்கலாமே. தண்ணிக்குத் தோசம் வந்தாத் தகடு இருக்குது. என்ற கைக்கு என்ன பதிக்கப் போறீங்க?"

குருமூர்த்தி கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். வேறு திசையில் பார்த்தார்.

அப்போதுதான் ரஞ்சிதா பேசினாள். இத்தனை நேரமும் போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், அதைத் தொட்டியில் வைத்துவிட்டு வலக்கை வளையல்களை மேலே தள்ளினாள். மணிக்கட்டின் உட்புறத்தில் பழுப்பேறிய ஒரு வடு. காய்ந்து நாளான வடு.

"வெட்டட்டுமுங்க," என்றாள் கணவனிடம். "ஆடியோ ஆவணியோ. எனக்கும் பட்டிருக்குது."

"இதெப்ப?" என்றார் குருமூர்த்தி.

"பால் காச்சுன அன்னைக்கு. பொங்கறப்ப எறக்கப் போனேன். அந்தப் பக்கம் கையத் திருப்ப எடமில்ல, பர்னருல பட்டுருச்சு. நல்ல நாளும் அதுவுமாச் சொன்னா அபசகுனம்னு வளையல எறக்கி உட்டுக்கிட்டேன். அப்பறம் அந்தப் பக்கம் நானு பத்த வெக்கறதே இல்ல."

அவள் ஜோதியைப் பார்த்தாள். ஒத்த காயத்தைக் காட்டிவிட்டால் ஒத்தவர்களாகிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பார்வையில் இருந்தது. ஜோதி அந்த வடுவைக் கூர்ந்து நோக்கினாள். பிறகு, பாலின் தடம் காய்ந்த இடப்பக்கத்துப் பர்னரையும், பளபளக்கும் வலப்பக்கத்துப் பர்னரையும் நோக்கினாள்.

"வைகாசில பட்டுச்சு."

"ஆமா."

"நான் ரெண்டு மாசம் இங்க சமைச்சேன். ஆடி ஒண்ணுக்கு வடச்சட்டிய எறக்கிக் கொடுத்து, 'இந்தப் பக்கம் பாலு இருக்குது, நீ அக்கட்ட வெச்சுக்க'ன்னு சொன்னது நீங்க. தெரிஞ்சு என்னைய ஏனுங்க்கா அங்க நிறுத்துனீங்க?"

ரஞ்சிதாவின் கண்கள் நிரம்பின. ஜோதி அந்தக் கண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை.

"அழுகாதீங்க. அமுதவல்லி அக்காவுக்குப் போனப் போடுங்க. எல்லாருங் கேக்கற மாதிரி."

ரஞ்சிதா கணவனைப் பார்த்தாள். அவர் சன்னலுக்கு வெளியே தன் ரிக் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசியை எடுத்து அழைத்தாள். ஒலிபெருக்கியில் பாத்திரச் சத்தத்தோடு அமுதவல்லியின் குரல் வந்தது.

"சொல்லுங்க ரஞ்சிதா."

"சோதி விசயமா. அன்னைக்கு அவ செல்லுப் பேசுல. அடுப்பு வெச்ச அளவு தப்பு. அலமாரியோட ஒட்டி வெச்சுட்டோம். சட்டி நிக்கறதுக்கு எடமில்ல, அதனால கவுந்துருச்சு. தப்பு எங்களுது."

"அப்பிடிங்களா. அன்னைக்கு அண்ணன் வேற மாதிரி சொன்னாரே."

"தெரியாமச் சொல்லிட்டாரு."

"செரிங்க. ஆவணிக்கு ஆள் சேத்தியாச்சு. கை ஆறட்டும். பொறவு பாக்கலாம்."

தொடர்பு அறுந்தது. 'பாக்கலாம்' என்பது எத்தனை மண்டபங்களுக்கு அப்பால் இருக்கிற சொல் என்று ஜோதிக்குத் தெரியும். நாற்பது பேரின் காதில் விழுந்த பொய், ஒருத்தியின் காதில் விழுந்த உண்மையால் கழிந்துவிடப் போவதில்லை. அந்த நாற்பது பேரும் இன்னும் இருக்கிறார்கள்.

"நாளைக்கழிச்சு ஆத்தங்கரைக்கு, அன்னைக்கு இருந்தவியெல்லாம் வருவாங்கல்ல? அங்கியும் இதையே சொல்லுங்க. நீங்க சொன்னீங்களான்னு நான் ஒவ்வொருத்தர்கிட்டயுங் கேப்பேன்."

ரஞ்சிதா தலையசைத்தாள். குருமூர்த்தி அசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

மாதேஸ்வரன் வெளியே போய், வண்டியின் பின்பெட்டியிலிருந்து கல் அறுக்கும் இயந்திரத்தையும் பென்சிலையும் கொண்டுவந்திருந்தான். காலையில் வண்டியை எடுக்கும்போது அதை வைத்துக்கொண்டான் என்பதை ஜோதி கவனித்திருக்கவில்லை. கண்ணாடி அடுப்பைத் தமிழரசுவும் அவனும் சேர்ந்து தூக்கி எடுத்தார்கள். கறுப்புக் கல்லில் சதுரமான ஓட்டை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இடப்புறம் மூன்று அங்குலம் அறுத்து, வலப்புறம் மூன்று அங்குலத்துக்குத் துண்டுக்கல் ஒட்டவேண்டும். ஒரே கல் என்று ஊருக்குக் காட்டிய மேடையில் இனி ஒரு தையல் தெரியும்.

"நீ ஊட்டுக்குப் போ சோதி," என்றான் அவன். "தூசி பறக்கும். புண்ணுல படும். முடிச்சுட்டு வாரேன்."

அவள் டேப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள். காலையிலிருந்து இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் தேடிய மன்னிப்பு இல்லை.

"ஆறு இஞ்சு," என்றாள். "ஒரு நூலு கொறஞ்சாலும் ஊட்டுப் பக்கம் வந்துறாதீங்க."